அடைக்கலநாதனின் பங்கு

ஈர வலையின் வாடை. மேல்மாடி அறையின் கண்ணாடி யன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்க, குளிரூட்டி முனகிக்கொண்டிருக்க, சிறுமீன் சிக்கி அழுகிய வலையைச் சுருட்டி யாரோ கதிரைக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனதுபோல அந்த வாடை ஜெரிசனின் பிடரியில் வந்து ஒட்டியது. அவன் திரும்பிப் பார்த்தான். கட்டில், அலுமாரி, சுவர். வாசனைத் திரவியத்தை எடுத்து அறையெங்கும் விசிறினான். குருநகரில் பிறந்தால் இதுதான் தலைவிதி என்று நினைத்தான். எவ்வளவு உயரத்தில் வீடு கட்டினாலும் மீன்காரரின் நாற்றம் படியேறி வந்துவிடுகிறது.

கணினித் திரையில் பச்சை மேசை. அதைச் சுற்றி ஆறு இருக்கைகள். பல நாட்டுக்காரர் கலந்துகொண்ட போக்கர் போட்டியின் கடைசி மேசை அது; வெல்பவனுக்கே பரிசு முழுவதும். ஐந்து இருக்கைகளில் பெயர்கள் இருந்தன. ஆறாவதில் பெயரும் இல்லை, படமும் இல்லை. வெறும் கறுப்பு வட்டம். பணத்தைக் கட்டிவிட்டு ஆட வராமல்போன மடையன் யாரோ என்றுதான் அவன் முதலில் எண்ணினான். ஆனால் வராதவனின் பந்தய வில்லைகள் ஆட்டத்துக்கு ஆட்டம் கரைய வேண்டும். இவை வளர்ந்தன. ஜெரிசன் வெல்லும் ஒவ்வொரு முறையும் அவன் குவியலில் சேர வேண்டியதில் ஒரு சிறு பங்கு, யாரும் கேளாமலே, அந்தக் கறுப்பு வட்டத்தின் முன்னால் போய்ச் சேர்ந்தது.

"மகன்!" படிக்கட்டின் அடியிலிருந்து தாய் றெஜினா கூப்பிட்டாள். "சேமக்காலையிலை பூசை முடிஞ்சுது. கடற்கரைக்குப் போறன். அப்பாவுக்கு ஒரு மெழுகுதிரி கொழுத்த வாவன்."

அன்று இறந்த ஆத்துமாக்களின் நாள். கல்லறை உள்ளவர்களுக்குச் சேமக்காலையில் வெளிச்சம் வைப்பார்கள். கடல் கொண்டுபோனவர்களுக்குக் கரை மணலில் நடுவார்கள்.

"நான் வேலையிலை நிக்கிறன், அம்மா."

"கடதாசி விளையாடுறதோடா வேலை?"

"உந்தக் கடதாசிதான் உங்களுக்கு மேல்வீடு கட்டித் தந்தது."

"அந்த மேல்வீட்டிலை நான் ஒரு நாளும் இருக்கேல்லையே, மகன்."

படிக்கட்டு வழியாக முற்றத்திலிருந்து ஒரு சிரிப்பு ஏறி வந்தது. கிறிஸ்ரோபர், அப்பா தொழிலுக்குப் போன வள்ளத்தின் சொந்தக்காரர், சம்மாட்டி. "விடுங்கோ அக்கா. துரைக்குக் கால் நனைஞ்சால் தடிமன் பிடிக்கும். தம்பி, படலையிலை விளைமீன் கொழுவி விட்டிருக்கிறன். நாய் இழுக்க முதல் எடுத்து வையும்."

"உங்கடை மீனை நீங்களே தின்னுங்கோ, மாமா!"

அவரைப்போன்றவர்கள் கோபிப்பதில்லை, அடுத்த நாளும் கொண்டுவந்து கொழுவிவிட்டுப் போவார்கள்.

"உன்ரை திரியை நான் கொண்டு போறன்," என்றாள் றெஜினா. "நீ வந்துதான் கொழுத்த வேணும்." படலை சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஜெரிசனின் எழுச்சியைப் பற்றி அவனே நிறையப் பேசியிருக்கிறான். முகநூலில் கறுப்புக் கண்ணாடி போட்டபடி பேசினான்; கார்க் கதவில் சாய்ந்தபடி பேசினான். உடம்பை வருத்துகிறவன் முட்டாள் என்று கடலுக்குப் போகும் பெடியங்களுக்கு உபதேசித்தான். வென்றால் தன் மூளை என்பான். தோற்றால் இணையத் தொடர்பு சரியில்லை என்பான். அப்படிப்பட்ட மூளை. அந்த மூளை காரை விழுங்கியது, கைக்கடிகாரத்தை விழுங்கியது, கடைசியில் றெஜினாவுக்குத் தெரியாமல் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் ஈட்டுக்குக் கடன் கொடுப்பவனிடம் கொண்டுபோய் வைத்தது. விடிந்தால் தவணை. இன்று வெல்லாவிட்டால் தாய் தெருவில் நிற்பாள்.

முதல் போட்ட காசு எது என்பதை மட்டும் அவன் ஒருபோதும் பேசியதில்லை.

அப்பா அடைக்கலநாதனைக் கடல் கொண்டுபோனபோது உடல் கரைக்கு வரவில்லை. அப்படிப் போனவனுக்குப் பிடிமீனில் சேரும் பங்கை அந்த வள்ளக்காரர் ஒரு வருடத்துக்கு ஒதுக்கி வைப்பார்கள். முதல் பங்கில் ஆத்தும இளைப்பாற்றிப் பூசை. மீதி விதவையின் அடுப்புக்கு. கிறிஸ்ரோபர் ஒரு நாளும் தவறாமல் கொடுத்தார். மகன் ஒரு நாளும் தவறாமல் வாங்கினான். "அம்மா அனுப்பினவ," என்று கரையில் சொன்னான். "அவங்கள் எங்களை மறந்திட்டாங்கள்," என்று வீட்டில் சொன்னான். பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. எல்லாம் பச்சை மேசைக்குப் போனது. படலையில் தொங்கிய மீனைக்கூட றெஜினா இத்தனை காலமும் பிச்சை என்றே நம்பிச் சமைத்தாள்.

திரையில் ஒரு பெயர் அணைந்தது. பிறகு இன்னொன்று. ஜெரிசனுக்கு ஆசுக் கடதாசிகளாக வந்தன. மாதக்கணக்கில் காணாத அதிர்ஷ்டம். வாடை கூடியது. கீழே, ஆளில்லாத வீட்டில், படலை திறந்து மூடியது.

"அம்மா?"

பிறகு சொட்டு. சீமெந்துப் படியில் தண்ணீர் விழும் சொட்டு. குளிரூட்டியின் குழாயாக இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். குளிரூட்டியின் குழாய் வெளிச்சுவரில் இருந்தது. அது அவனுக்குத் தெரியும்.

மற்றவர்கள் எல்லோரும் போனார்கள். மேசையில் இரண்டே இருக்கைகள். அவன். கறுப்பு வட்டம். இரண்டு குவியலும் ஒரே உயரம்.

அப்போது திரையின் நடுவில் ஒரு சிறு கட்டம் எழுந்தது. கடைசி இருவரும் விரும்பினால் ஆட்டத்தை நிறுத்திப் பரிசைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். அது போட்டியின் வழமைதான். எதிராளி கேட்டிருந்தான். பங்கிடச் சம்மதமா? ஆம். இல்லை.

பாதியே போதும். பாதியில் உறுதி திரும்பி வரும், வீடு தாயிடம் நிற்கும், ஒரு பூசைக்கும் மிஞ்சும். ஜெரிசன் அதையெல்லாம் கணக்குப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். பயந்தவன்தான் பங்கு கேட்பான். பிச்சைக்காரன். 'இல்லை' என்பதை அழுத்தினான்.

சொட்டு படியின் பாதியில் நின்றது. கொஞ்ச நேரம். பிறகு ஏறியது.

கையில் இரண்டு ராசா. முழுவதையும் முன்னால் தள்ளினான். கறுப்பு வட்டமும் தள்ளியது. கடதாசிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசிக் கடதாசி. அவன் குவியல் முழுதும், ஓசையில்லாமல், அப்பால் நகர்ந்து போனது.

திரை இருண்டது.

வெளியே மைமல் இருட்டு. யன்னலுக்கு அப்பால் கரை மணல் முழுக்கச் சிறு வெளிச்சங்கள். காற்றுக்குக் கிறிஸ்ரோபர் தன் இடுப்புச் சாரத்தின் ஓரத்தை விரித்து மறைப்புப் பிடிக்க, றெஜினா ஒரு திரியைக் கொழுத்தியிருந்தாள். மற்றத் திரி அவள் கையில். கொழுத்தாமல். மேல்வீட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா!" என்று கத்தினான். கண்ணாடி தடித்த கண்ணாடி. தெருச் சத்தம் கேட்கக் கூடாதென்று அவனே போட்டது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் குளிர்.

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை. தோல் விரல்களை விட்டுக் கழன்றிருந்தது. அது கணினியை மெல்ல ஒதுக்கியது. மேசைப் பலகையை உள்ளங்கையால் துடைத்தது. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. கரையில் மீன் பிரிக்க முன் அடைக்கலநாதன் பலகையை அப்படித்தான் துடைப்பார். மீன்பாடு குறைந்து ஒரே ஒரு மீன் பட்ட நாளிலும் அதைக் கூறு போட்டு எல்லோருக்கும் கொடுப்பார். ஒருத்தரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பார்.

பின்னால், கல்லில் கத்தி தீட்டும் ஓசை.

ஜெரிசன் எழும்பப் பார்த்தான். கால்கள் நனைந்து கனத்தன. அசையவில்லை.

"வள்ளத்துக்கு ஒரு பங்கு." தொண்டை நிறையத் தண்ணீருடன் ஒரு குரல். கோபமில்லாத குரல்.

"வலைக்கு ஒரு பங்கு."

அவன் வலது கை தானாக நீண்டு பலகையில் மல்லாந்தது.

"றெஜினாவுக்கு ஒரு பங்கு."

கத்தியின் குளிர்ந்த நுனி அவன் தோளில் தொட்டு, முழங்கையைத் தாண்டி, மணிக்கட்டு வரை மெதுவாக ஊர்ந்து வந்தது. திரும்பவும் மேலே போனது. சமமாகப் பிரியும் இடத்தை அது தேடிக்கொண்டிருந்தது.