நான்காவது படம்

முப்பத்தொரு வருஷம் அலமாரியில் கிடந்த காகிதம் ஈரமாக இருந்தது. அவள் விரலை முகர்ந்து பார்த்தாள். பாசி வாசம்.

பத்திரிகை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய இதழ்களைத் தைத்து அடுக்கியிருக்கும் அறை அது. பதினோரு வருஷமாக மேல்மாடியில் பிழை திருத்துகிறவள், ஒரு நாளும் இங்கே இறங்கியதில்லை. இறங்கினால் எந்தத் தேதியைக் கேட்போம் என்று அவளுக்கே தெரியும். வருஷா வருஷம் அந்தத் தேதியை ஒட்டி லீவு போட்டுவிடுவாள். இந்த வருஷம் ஆள் இல்லையென்று கெஞ்சினார்கள். நாளை அந்தத் தேதி. இன்று மதியம், பாவம், கால் தானாக இறங்கிவிட்டது.

அறையைப் பார்த்துக்கொள்பவருக்குக் காகிதப்பூச்சி என்று பட்டப்பெயர். "பாத்துப் புரட்டும்மா, என்னை மாதிரியே உதிர்ற வயசு அதுக்கும்," என்று கட்டுகளை இறக்கிவைத்தார். ஈரத்தைக் கேட்டதற்கு, இந்தத் தளத்தில் தண்ணீர்க் குழாயே கிடையாதே என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்.

முதல் நாள் செய்தி: ஏரியில் படகு கவிழ்ந்து தம்பதி பலி, ஐந்து வயது மூத்த மகள் மீட்பு, மூன்று வயது இளைய மகளைத் தேடுகிறார்கள். அந்த மூத்த மகள் இவள்தான்; அன்று நடந்ததில் இவளுக்குத் தெரிந்ததெல்லாம் வளர்த்த சித்தி சொன்னதுதான். தங்கச்சியை அலைதான் பிடுங்கிக்கொண்டு போனது, நீ கையை விடவே இல்லை என்பாள் சித்தி. அந்தச் சொல்லைத் தலைக்கு வைத்துத்தான் இவள் இத்தனை வருஷம் தூங்கினாள்.

மூன்றாம் நாள் செய்தியில் படகோட்டி பேசியிருந்தார். பெரிய குழந்தை கையை உதறிவிட்டது. சின்னது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

பிழை திருத்துகிற பழக்கத்தில் எழுத்தெழுத்தாக மறுபடி படித்தாள். பிழை இல்லை.

சித்திக்குப் போன் போட்டாள். "நான் கைய உதறினேனா சித்தி?"

"சின்னப் புள்ளைடி நீ. பயத்துல பண்ணது."

போனைக் காதில் வைத்தபடியே அடுத்த வருஷக் கட்டைப் பிரித்தாள். அதே தேதியில் ஒரு நினைவஞ்சலி. அப்பா, அம்மா, தங்கச்சி என்று மூன்று படங்கள். நான்காவதாக ஒரு வெற்றுக் கட்டம்.

"இந்த அஞ்சலி, தங்கச்சி படமெல்லாம் நீங்க குடுத்தீங்களா?"

"இல்லையேம்மா. அவ போட்டோவே நம்மகிட்ட கிடையாதே."

போனை வைத்துவிட்டுப் புரட்டினாள். வருஷம் தவறாமல் வந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் அப்படியே இருந்தார்கள். தங்கச்சி வளர்ந்திருந்தாள். ஏழு வயதில் முன்பல் இல்லை. பதினைந்தில் கன்னம் ஒட்டியிருந்தது. போன வருஷக் கட்டில் முப்பத்துமூன்று வயதுப் பெண். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருக்க, பக்கத்து வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதத்தை எடுத்தபோது மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

படியேறி ஓடினாள்.

சாப்பாட்டு வேளை. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மின்விசிறி மட்டும் சுற்றியது. அவள் மேசையில் நாளைய பக்கத்தின் ப்ரூஃப். மூலையில் அவள் சுருக்கொப்பம் போட்டால்தான் பக்கம் அச்சுக்குப் போகும்.

அதே நினைவஞ்சலி.

நான்கு படங்கள்.

நான்காவதில் அவளே. இன்று உடுத்தியிருக்கும் அதே பச்சைச் சேலை. முடி காய்ந்திருந்தது. தங்கச்சி இப்போது நேராகப் பார்த்தாள். இவளை.

பேனாவைத் தள்ளிவிட்டாள். அது உருண்டு விளிம்பில் நின்றது.

பாசி வாசம்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை அவள் விரல்களைப் பற்றியது. ஜில்லென்று. மூன்று வயதுக் கை இல்லை. அவள் கையளவே இருந்தது.

உதறினாள்.

விடவில்லை.

மெதுவாக அவள் விரல்களை மேலே கொண்டுவந்தது. பேனாவைச் சுற்றி மடக்கியது. மூலைக்கு நகர்த்தியது.

முதல் எழுத்து விழுந்தது. நான்காவது படத்தில், ஒவ்வோர் இழையாக, முடி நெற்றியில் ஒட்டத் தொடங்கியது.