நீயே வந்து செஞ்சி குடு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நெட்வொர்க் லேப் என்பது குடோனுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஹேமலதா கதவைத் திறந்தபோது, ஏசிக் குளிரோடு தோல் வாடையும் முகத்தில் அடித்தது. மேஜைமேல் புது ரவுட்டர். அதற்கு இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் ஒன்று. இங்கிருந்து டைப் அடித்துக் கூப்பிட்டால் ரவுட்டர் வழியாக அங்கிருந்து பதில் வர வேண்டும். சாயங்காலத்துக்குள் வந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். வராவிட்டால் சென்னையிலிருந்து வேறு ஆள்.

"பூங்குழலி இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா," என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார் மேனேஜர் ஜான்சன்.

வயிறு எரியாதா பின்னே? ஹேமலதாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் பூங்குழலி. போன ஆடியில் ஹைவேயில் லாரி மோதிச் செத்துப்போனாள். உயிரோடு இருக்கிறவளோடு மல்லுக்கு நிற்கலாம். செத்தவளோடு எப்படி நிற்பது? அவள்தான் இனிமேல் தப்பே செய்ய மாட்டாளே!

கூப்பிட்டாள். பதில் இல்லை. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாள், எல்லாவற்றையும் திரும்ப டைப் அடித்தாள். அப்போதும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவ்ளோ கெட்டிக்காரின்னா நீயே வந்து செஞ்சி குடேன்டி!"

ஆம்பூர்ப் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட 'வர்றேன்' என்று சொல்ல மாட்டார்கள். செத்தவர்களை 'வா' என்று கூப்பிடுவதாவது! ஹேமலதாவுக்கும் அது தெரியும். ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது.

ஏசி சட்டென்று நின்றது.

திரையில் பதில் வந்தது.

"அப்பாடா!" என்று எழுந்தவளின் மடியிலிருந்து ஏதோ நழுவித் தரையில் விழுந்தது.

பிடுங்கிய கேபிள். அவள் அதைத் திரும்பச் செருகவே இல்லை.

பதில்கள் வரிவரியாக வந்துகொண்டே இருந்தன. ரவுட்டரின் சுவிட்சை அணைத்தாள். பச்சை விளக்குகள் அணைந்தன. பதில்கள் நிற்கவில்லை. தோல் வாடைக்கு நடுவே நீலகிரித் தைலம் மணத்தது. தோல் வாடை ஒத்துக்கொள்ளாமல் பூங்குழலி எந்நேரமும் கைக்குட்டையில் தைலம் தெளித்து வைத்திருப்பாள்.

"யாரு?" சுற்றிலும் பார்த்தாள்.

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

"நகரு."

கதவு திறந்தது. ஜான்சன்!

"இன்னா ஹேமா, வந்துடுச்சா?" திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சபாஷ்! பூங்குழலிகூட இவ்ளோ சீக்கிரம் முடிச்சதில்லம்மா. வேலை கன்ஃபார்ம். இனிமே இது உன் சீட்டு."

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! 'சார், என்னை வெளிய கூட்டிட்டுப் போங்க' என்று கத்தத்தான் ஹேமலதா வாயைத் திறந்தாள்.

"அப்போ நான் எங்க சார் உக்கார்றது?"

அசைந்தது ஹேமலதாவின் உதடுதான். குரல் யாருடையது என்று ஜான்சனுக்குத் தெரியும்.