திருப்பிவிட இரண்டு பேர்

"அண்ணே, சீக்கிரம் போலாம்! எட்டரைக்குப் பரீட்சை..."

வெள்ளை வேனின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஷார்மேனுக்கு மூச்சே வந்தது. குனோங் ராபாட் மலைகள் விடிந்ததிலிருந்தே மழைக்குள் ஒளிந்துகிடந்தன. நெற்றியில் ஒட்டிய ஈர முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பினாள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கம் கெட்ட கண்கள்... ஆனாலும் அவற்றின் ஓரத்தில் ஒரு சிரிப்பு.

"இது கிராப் டாக்சி இல்ல லா."

"வெள்ளை வேன்னுதானே போட்டிருந்துச்சு?"

"வெள்ளைதான். கொஞ்சம் பின்னால பாருங்க."

பார்த்தாள். இருக்கைகள் இல்லை. நீளமாக ஒரு பெட்டி.

"ஆலாமாக்! உள்ள... யாராச்சும்...?"

"காலி. எடுக்கத்தான் போறேன். அவருக்கு இனிமே என்ன அவசரம்? முதல்ல உங்களை இறக்கிவிடுறேன்."

இறங்கியிருக்க வேண்டும். மழையும் பரீட்சையும் விடவில்லை. போகிற வழியில் எப்படியோ பேச்சு வந்தது. கையுறைத் தொழிற்சாலையில் ஏழு வருடம் நின்றதைச் சொன்னாள். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற பாடமெல்லாம் கைப்பேசியில். முடித்தால் நோயாளிப் பராமரிப்பில் சான்றிதழ்.

"ஆள் கிடைக்காம எல்லா இடத்திலயும் சுசா, ரொம்பக் கஷ்டம். அதான் வேலை செஞ்சுக்கிட்டே படிக்க விடுறாங்க."

"நான் மூணாம் பாரத்தோட பள்ளிக்கூடத்தை விட்டவன். பேரு திமோத்தி" என்றான். கல்லூரி வாசலில் வண்டி நின்றது.

"ரொம்ப நன்றி அண்ணே!"

"பொண வண்டின்னு நீங்க பயந்ததைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இந்த அண்ணேயைத்தான்..."

மீதியைச் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றினான். ஷார்மேன் மழையில் ஓடினாள், சிரித்துக்கொண்டே. அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை வரைதான்.

திங்கள் விடியற்காலையில் இல்லத்தில் இருந்த நல்லம்மாள் பாட்டி இறந்துபோனார். மத்தியானம் இல்லத்து வாசலில் அதே வெள்ளை வேன். உள்ளே வந்த திமோத்தி அவளைப் பார்த்ததும் ஒரு கணம் மலர்ந்தான். பிறகு பாட்டியின் முதுகுக்கடியில் கை கொடுத்துத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

இடுப்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

"இவங்களை யாரு பார்த்துக்கிட்டது?"

"நான்தான்."

"திருப்பவே இல்லையா? ஆளு செத்தாத்தான் முதுகைப் பார்ப்பீங்களா?"

காலையில் அந்தப் புண்ணைப் பார்த்து அவளே உறைந்துபோயிருந்தாள். வெள்ளிக்கிழமை அங்கே லேசான சிவப்புதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். கனத்த உடம்பைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். நாற்பது முதியவர்களுக்கு இருந்ததே மூன்று பேர். ஒருத்தி போன மாதம் சிங்கப்பூர் போய்விட்டாள். சனி, ஞாயிறு ஷார்மேன் வகுப்பில். பொறுப்பாளர் விமலா அக்கா தனியாக...

இதையெல்லாம் அவனிடம் எதற்குச் சொல்வது? ரோஷம் முந்திக்கொண்டது.

"செத்தவங்களைத் தூக்குறதுதானே உங்க வேலை? தூக்கிட்டுப் போங்க."

அவன் முகம் சுண்டிப்போனது. பாட்டியைப் பெட்டியில் வைத்தான். வேன் போனதும் ஷார்மேன் துணி துவைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து அழுதாள்.

"படிப்பை விட்டுடுறேன் அக்கா."

"விட்டுட்டு? காலம் பூரா இங்கேயே இப்படிக் கிடக்கப் போறியா?" விமலா அக்கா கேட்டாள்.

"சனிக்கிழமை நான் இல்லன்னா யாரு இருக்கா?"

கல்லூரிக்கு விலகல் செய்தியை எழுதி வைத்தாள் ஷார்மேன். சனிக்கிழமை காலையில் அனுப்பிவிட வேண்டும்.

சனிக்கிழமையும் வந்தது. மழையும் வந்தது. வகுப்புக்குப் போகாமல் சீருடையில் நின்றவளின் கண்ணில் வாசலில் திரும்பும் வெள்ளை வேன் பட்டது. யார்? யாரும் போகவில்லையே...

நனைந்தபடி வந்து நின்றான் திமோத்தி.

"இன்னிக்கு யாரையும் எடுக்க வரல. இருக்க வந்தேன்."

"என்ன?"

"நீங்க படிக்கிற அதே படிப்புல நானும் சேர்ந்துட்டேன். மூணாம் பாரம் போதுமாம். பாடம் போன்ல வருது. சவக்கிடங்கு வாசல்ல காத்துக்கிட்டு இருக்கப்ப கேட்கலாம். வகுப்பு வார நாள் சாயந்தரம். சனி, ஞாயிறு வண்டிக்கு லீவு, இங்க வேலை. விமலா அக்காகிட்ட நேத்தே பேசிட்டேன்."

"இரக்கப்பட்டு வந்தீங்களா?"

"இல்ல." கண்களைத் தாழ்த்திக்கொண்டான். "வண்டி ஓட்ட ஆரம்பிச்சது இப்பத்தான். அதுக்கு முன்னால செத்தவங்களைக் குளிப்பாட்டுற வேலை. இந்த இல்லத்திலேருந்து வந்த ஆறு பேரை நான்தான் குளிப்பாட்டினேன். ஒரு முதுகுலயும் புண் இல்ல. நகம் வெட்டி, தலை வாரி அனுப்பியிருப்பாங்க... யாரு கையோ இதுன்னு நினைச்சுக்குவேன். அன்னைக்கு நல்லம்மாள் பாட்டி முதுகைப் பார்த்ததும் அந்தக் கை இங்கேருந்து போயிடுச்சுன்னு நினைச்சேன். அந்தக் கோபம்தான்... மன்னிச்சிருங்க."

ஷார்மேன் தன் கைகளைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இவற்றைத் தெரிந்துவைத்திருந்தவன்...

"ஏழே முக்கால்" என்றாள், குரலைச் சரிசெய்துகொண்டு. "பத்துமலை தாத்தாவைத் திருப்பணும். வாங்க."

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த கனத்த உடம்பு. கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். விரிப்பின் ஓரத்தை எப்படிச் சுருட்டிப் பிடிப்பது என்று காட்டினாள்.

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கு."

நிமிர்ந்தாள். "பிடிச்சிருக்கேன்னு சொல்லணும்."

"விரிப்பைப் பிடிச்சிருக்கேன்..." அவன் கண்கள் இந்தத் தடவை தாழவில்லை. "உங்களைப் பிடிச்சிருக்கு."

ஜன்னலில் மழை அடித்தது. பொண வண்டிக்காரன் என்றதும் சொந்த ஊரான ஆயர் தாவாரில் அம்மா போடப்போகும் கூச்சல் இப்போதே காதில் கேட்டது. கேட்கட்டும்.

"சும்மா... பிடிச்சுக்கிட்டே... நிக்காதீங்க லா" என்று பாதி வாயால் முனகினார் பத்துமலை தாத்தா.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

திருப்பினார்கள். தாத்தாவின் முதுகில், இடுப்புக்கு மேலே, லேசான சிவப்பு. இன்னும் புண்ணாகவில்லை. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"அடுத்து ஒன்பதே முக்கால்" என்றாள். "அப்புறம் பதினொண்ணே முக்கால். மறந்துடாதீங்க அண்..."

நிறுத்தினாள்.

"மறந்துடாதீங்க, திமோத்தி."

கைப்பேசியை எடுத்து எழுதி வைத்திருந்த செய்தியை அழித்தாள். புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பினாள்.

"அஞ்சு மணிக்கு வந்துடுவேன். எனக்கும்... பிடிச்சிருக்கு."