கீறலில்லாத கண்

மணலி உயிர்ச்சான்று மையத்தின் விழித்தடமானி மூன்றாம் முறையும் "ஆள் இல்லை" என்றது. அதன் பீடத்தில் முகவாயை வைத்தபடி, எழுபத்தொரு வயது ரித்தீஷ் முழுசாகக் குனிந்து நின்றிருந்தார்.

அந்நாளில் கண் உலராதவர் யாருமில்லை. திரையைப் பார்த்துப் பார்த்து இமைக்க மறந்த சனம். உலர்ந்த கருவிழியில் விழும் கீறல்கள் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இல்லை என்று தெரிந்ததும், அரசு கைரேகையை விட்டுவிட்டுக் கீறலைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக் கதவு முதல் ரேஷன் வரை எல்லாம் விழித்தடம்தான். நாற்பது வருடம் வெல்டிங் பார்த்த ரித்தீஷின் தடம் பேட்டையிலேயே அடர்த்தியானது. பத்தடி தள்ளி வரும்போதே கதவு எழுந்து நின்று திறக்கும்.

போன மாதம்தான் படலமீட்பி போட்டுக்கொண்டார். வைட்டமின் ஏ-யிலிருந்து எடுத்த சொட்டு மருந்து. கருவிழியின் மேல்தோலைப் புதிதாக முளைக்க வைக்கும். நாளுக்கு ஒரு சொட்டு என்றார் மருத்துவர். வெல்டருக்கு ஒரு சொட்டில் மனம் ஆறுமா? நான்கு விட்டார். எரிச்சல் போனது. கீறலும் போனது.

"அஞ்சு மணிக்குள்ள நீங்க உசுரோட இருக்கணும், பெரியவரே," என்றாள் எழுத்தர் யாழினி, சிவந்த கண்ணைக் கசக்கியபடி. "இல்லேன்னா உங்க பேர்ல அரசாங்கம் குடுத்த வீடு அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"இருக்கேனேம்மா."

"அது நீங்க சொல்றது."

"நான் சொல்றேன், இந்த ஆளுதான்," என்றாள் மனைவி தன்யஸ்ரீ. "வேணும்னா குறட்டைய பதிஞ்சுக்கோ."

"கீறலே இல்லேன்னா, சட்டப்படி பொறந்த கொழந்தைதான் ஆன்ட்டி. இன்னிக்குப் பொறந்ததா பதிஞ்சுடறேன். காப்பாளர்னு ஒருத்தர் இருந்தா வீடு நிக்கும். உங்களத் தாய்னு போட்டுக்கவா?"

"நாப்பத்தஞ்சு வருசம் வளத்து, இப்பத்தான் தட்டக் கழுவி வைக்குது. மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

யாழினி சிரிக்கவில்லை. பின்னால் இன்னும் நாற்பது பேர். "ஆனா நீங்க அந்தச் சொட்டு போடவே கூடாது. உங்க தடமும் அழிஞ்சா, வீட்ல பெரியவங்களே இல்லன்னு ஆயிடும்."

தன்யஸ்ரீக்கும் அதே மருந்தைத்தான் மருத்துவர் எழுதியிருந்தார். கண்ணில் மணல் அரைபடுவதுபோல் இருந்தது. மருந்துச் சீட்டை நான்காக மடித்தாள், பிறகு எட்டாக.

"தாய்னே போட்டுக்கோ," என்றாள்.

வீட்டு வாசலில் அவள் கதவைப் பார்த்து இமைக்காமல் நின்றாள். முகம் கோணியது. கதவு நிதானமாக யோசித்துத் திறந்தது. பக்கத்தில் நின்ற ரித்தீஷுக்கு இப்போது எல்லாமே துல்லியம். அவள் கண் எத்தனை சிவப்பு என்பதை இன்றுதான் பார்த்தார்.

"இவ்ளோ எரியுதா உனக்கு?"

"உள்ள போயா. காத்தாடி போட்டா இன்னும் எரியும். போடாத."

அவள் செல்பேசி அதிர்ந்தது. குழந்தை பிறந்ததற்குச் சுகாதாரத் துறை வாழ்த்துச் சொல்லியிருந்தது. ஒன்பதாம் மாதம் வைட்டமின் ஏ சொட்டு கட்டாயம். தாய் தவறாமல் அழைத்து வரவேண்டும்.