ஏழு வில்லைகள்

மூன்று மணிச் சங்கு ஊதிப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை. வெளுப்புக்கூடத்தில் இரண்டாம் ஷிப்டு கிடையாது. சோடாவும் பச்சைக் காடாத் துணியும் சேர்ந்து அவியும் வாடை கூரைத் தகரம் வரை ஏறி நின்றது; அங்கே ஆவி குளிர்ந்து, விட்டுவிட்டுத் தரையில் சொட்டியது. சூப்பர்வைசர் கிருபாசங்கர் பெரிய கொப்பரையைக் கடந்தபோது ஏணியடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் பார்த்தான். இடது செருப்பின் வார் அறுந்து, செம்புக் கம்பியால் கட்டியிருந்தது.

இரண்டு ஆள் உயரக் கொப்பரை அது. ஏழு பேர் வெறுங்காலோடு உள்ளே இறங்கி, மேலிருந்து விழும் ஈரத்துணியை மிதித்து அடுக்குவார்கள். இறங்குமுன் ஒவ்வொருவரும் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பக்கத்துப் பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் மூடியை இறக்கலாம்.

பலகை காலியாக இருந்தது. மூடியின் பன்னிரண்டு நட்டும் முறுக்கியாகிவிட்டது. கொதிக்கும் சோடாக் காரத்தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க சென்னியப்பண்ணா, இது ஆரு செருப்புங்க?"

பம்பருகே நின்ற ஆபரேட்டர் சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார்.

"ஆராச்சும் மறந்துட்டுப் போயிருப்பாங்க சார். சித்திர வெய்யிலு. தார் ரோட்டுல ஒரு கால் வெச்சா ஞாவகம் வந்துரும். குதிச்சுக்கிட்டே ஓடியாருவாங்க பாருங்க."

டொக்.

"பைப்புங்க சார். தண்ணி நின்னிருக்கும். ஆவி ஏறறப்ப இடிக்கும்."

இடிக்கும்தான். ஆனால் குழாய் இடித்தால் சரம் சரமாக இடிக்கும். இது கொப்பரைப் பக்கமிருந்து மூன்று முறை கேட்டு நின்றது. மறுபடி மூன்று.

பம்பை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தான். நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும். 'உள்ளே ஆள் இல்லை' என்ற சீட்டில் அவன் கையெழுத்து இருந்தது. வாரம் முழுவதற்குமான சீட்டுகளில் திங்கட்கிழமை காலையிலேயே மொத்தமாகக் கையெழுத்திட்டு ஆபரேட்டரிடம் கொடுத்துவிடுவது அவன் வழக்கம். டைம் ஆபீசில் வில்லைகள் வந்துவிட்டனவா என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று நினைத்தான்.

நடந்தான். ஓடவில்லை.

டைம்கீப்பர் திருமலைசாமியின் சுவரில் ஆணிக்கு ஒன்றாக வில்லைகள் தொங்கின. கிருபாசங்கர் எண்ணினான். ஏழு. போதும், திரும்பலாம் என்று நினைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண், கையில் துணிப்பையோடு நின்றாள். கொப்பரையில் இறங்கும் ஏழு பேரில் ஒருவரான சுப்பையனின் மனைவி மாசாணியம்மாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு இன்னும் வர்லீங்களே. நாலு மணிக்கு சத்தி பஸ்ஸுங்க."

"அவுரு டோக்கன் வந்து பத்து நிமிசமாச்சு அம்மணி" என்றார் திருமலைசாமி. "ஆளு வரலீன்னா டோக்கனைக் கூட்டீட்டுப் போ."

அவளும் சிரித்தாள். "நேத்து ராத்திரியும் ஊட்டுக்கு வர்லீங்க, ரெண்டு ஷிப்டு சேத்திப் பாத்தாருங்க. எங்கியாச்சும் சாஞ்சு தூங்கிப்போட்டாரோ என்னமோ. செருப்பு வேற பிஞ்சு போச்சு. நாந்தான் கம்பி போட்டுக் கட்டிக் குடுத்தனுங்க."

கிருபாசங்கர் மறுபடி வில்லைகளைப் பார்த்தான்.

"டோக்கனெல்லாம் ஆரு கொண்டாந்தாங்க?"

"ஏழும் ஒரே கைதானுங்க சார். சனிக்கிழமைன்னா ஒருத்தரு மொத்தமா எடுத்தாந்து போட்டுருவாரு. எல்லாரும் பஸ்ஸப் புடிக்கோணுமில்லீங்க? நீங்கதானுங்களே சரீன்னு சொன்னீங்க."

ஓடினான்.

நூல் மூட்டைகள். ஈரத்தரை. வழுக்கி விழுந்தான். எழுந்தான்.

"நிறுத்துங்க! பம்ப நிறுத்துங்க! ஆவிய அடைங்க!"

சென்னியப்பன் பம்பை நிறுத்தினார். ஆவி வால்வின் சக்கரத்தைச் சுழற்றினார். ஏணியடிச் செருப்பை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆவியை வெளியேற்ற வேண்டும். காரத்தை இறக்க வேண்டும். அதற்கு முன் மூடியைத் தொட முடியாது. கடிகாரத்தில் மூன்று இருபத்தாறு.

கீழ்க்குழாயில் தண்ணீர் பழுப்பாக வந்தது. எப்போதும் பழுப்புதான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தட்டல் இல்லை. குழாய்தான் என்று சொல்லிக்கொண்டான். குழாய்தான். குழாய்தான்.

மூன்று ஐம்பது. குழாய் சொட்டி நின்றது.

இருவரும் மேலே ஏறினார்கள். ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார்கள். பதினொன்று கழன்றது. இரும்பின் சூடு கையுறையைத் தாண்டிச் சுட்டது. நாற்பது நிமிடம் இதற்குள் எதுவும் இருக்க முடியாது. எதுவும்.

கீழே மாசாணியம்மாள். அவனுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். கம்பி கட்டிய செருப்பை எடுத்து மார்போடு அணைத்து நின்றாள். அழவில்லை.

பம்பு ஓடவில்லை. ஆவி இல்லை. குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

டொக். டொக். டொக்.

மூடிக்கு நேர் கீழே. கிருபாசங்கரின் உள்ளங்கைக்கு அடியில்.

"தட்டறாருங்க" என்றாள் மாசாணியம்மாள். முகம் மலர்ந்துவிட்டது. "உசுரோட இருக்காருங்க. தட்டறாரு பாருங்க."

டொக். டொக். டொக்.

கடைசி நட்டின் மேல் சென்னியப்பனின் ஸ்பேனர் நின்றது. அவர் கிருபாசங்கரின் முகத்தையே பார்த்தார்.

"சார்... தெறக்கட்டுங்களா?"