பேச்சி வாய் திறக்கவில்லை

ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, தமயந்தி டீச்சர் பெஞ்சுகளைப் பார்த்து முடித்ததும் கூரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். வெண்ணகரில் எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான். நிலவில் ஒரு பிள்ளை எடைக்காலணியைக் கழற்றிவிட்டு எம்பினால் போதும், மேலே ஓடும் காற்றுக்குழாயைப் பிடித்துக்கொண்டு பாடவேளை முழுக்கத் தொங்கலாம். தினமும் இரண்டு மூன்று பேர் தொங்கினார்கள்.

"கபிலா, கீழ இறங்கி 'உள்ளேன் அம்மா' சொல்லு. அங்கருந்து சொன்னா வரலைன்னு போட்டுருவேன்."

கபிலன் அவசரமே இல்லாமல் இறங்கினான். அவசரப்பட்டாலும் அங்கே வேகமாக விழ முடியாது.

பதிவு முடிந்ததும் ஆங்கிலம். வெண்ணகரில் யாருக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டதே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குக் காது குத்தும்போதே மடலுக்குப் பின்னால் செவித்துளி என்ற அரிசியளவுக் கருவியையும் பதித்துவிடுவார்கள். யார் எந்த மொழியில் பேசினாலும் அது தமிழில் சொல்லிவிடும். நாம் பேசுவது அவர்கள் காதில் அவர்கள் மொழியில் விழும். பனிச்சுரங்கத்தில் பிரேசில்காரர்களோடு சண்டை போடுகிறவர்கள்கூட வாய் நிறையத் தமிழிலேயே திட்டினார்கள், ஒரு வார்த்தை வீணாகாமல் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் எதற்கு ஆங்கிலம் என்று கல்வித் துறை ஒருமுறை கேட்டுத்தான் பார்த்தது. பெற்றோர்கள் நகரத்தின் காற்றுப்பூட்டு வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். "நாளைக்கு நாலு பேர் மத்தியில நாலு வார்த்தை பேச வேணாமா?" என்றார்கள். அந்த நாலு பேர் யார் என்று கேட்கத் துறைக்குத் துணிச்சல் வரவில்லை. மாப்பிள்ளை தேடும் விளம்பரங்களில் சொந்தமாகக் காற்றறையும் சரளமான ஆங்கிலமும் இன்னமும் சேர்த்தே கேட்கப்பட்டன. ஆகவே பாடம் தொடர்ந்தது. அந்த நேரம் மட்டும் செவித்துளியை அணைத்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள்.

தமயந்தி ஒரு வரி படிப்பாள். தமிழில் பொருள் சொல்வாள். கேள்விக்கான பதிலைத் திரையில் எழுதுவாள். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அவளுடைய டீச்சரும் அப்படித்தான் நடத்தினார், அவருக்கு முந்தியவரும் அப்படித்தான். தேர்வில் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். எழுந்து ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் மட்டும், காற்றுக்குழாயின் இரைச்சல் தெளிவாகக் கேட்கும்.

இந்த இரைச்சலை ஒழித்துக்கட்டத்தான் துறை, நடுநிலைப் பள்ளி ஆங்கில வகுப்புகளில் தொழில்நுட்பத்தைப் புகுத்துவது என்று முடிவெடுத்தது. தலைமையாசிரியர் வேதமாணிக்கம் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"பேச்சுத்தோழின்னு ஒரு இயந்திரம் வருது டீச்சர். பன்னெண்டு வயசுப் பொண்ணு மாதிரி இருக்குமாம். இங்கிலீஷ் தவிர வேற எதுவும் தெரியாதாம், அதுகிட்ட செவித்துளியும் வேலை செய்யாதாம். பிள்ளைங்களோட பிள்ளையா உக்காரும். அதோட சேர்ந்து விளையாடணும்னா இவங்க இங்கிலீஷ் பேசித்தானே ஆகணும்?"

"நல்ல விஷயம்தானே சார்."

"நல்ல விஷயம்தான். ஆனா திட்டம் ஜெயிச்சா ஆங்கில ஆசிரியர் பணியிடம் உபரி. உங்கள மறுபக்கத்துக்கு மாத்திடுவாங்க. தோத்துட்டா ஒத்துழைப்பு குடுக்கலைன்னு என்னை மாத்திடுவாங்க. எப்படியும் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் மூட்டை கட்டணும்" என்றார் அவர். தன் மூட்டையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

நிலவின் மறுபக்கத்தில் பூமி தெரியாது. அங்கே போனவர்கள் ஜன்னல் திரையை விலக்குவதையே விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். தமயந்தியின் கணவனுக்கு வெண்ணகரின் கீரைக்கூடத்தில் வேலை. அதை விட்டுவிட்டு அவனால் வர முடியாது. கறுப்பு வானத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பேச்சுத்தோழி வந்தாள். இரட்டைப் பின்னல், சீருடை, பளிச்சென்ற கண்கள். அவளுக்குள் தோழமைமானி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். சுற்றியிருக்கும் பிள்ளைகள் அவளை எவ்வளவு சேர்த்துக்கொள்கிறார்கள் என்று அது அளந்துகொண்டே இருக்கும். அளவு கூடினால் அப்போது செய்ததைத் திரும்பச் செய்வாள், குறைந்தால் விட்டுவிடுவாள். பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்று வடிவமைத்தவர்கள் நம்பினார்கள். அவர்கள் யாரும் சமீபத்தில் ஒரு ஏழாம் வகுப்புக்குள் போய் வந்தவர்களாகத் தெரியவில்லை.

"குட் மார்னிங், ஃப்ரெண்ட்ஸ்!" என்றாள் அவள், அத்தனை அழகாக.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கபிலன் மூக்கைச் சுளித்து அதே குரலில் சொல்லிக் காட்டினான். "வந்துட்டாங்கடா வெள்ளைக்காரத் துரைசாணி!" என்றது பின்பெஞ்சு. கூரையில் தொங்கிய ஒருவன் சிரித்த சிரிப்பில் பிடியை விட்டுவிட்டான்.

நஸ்ரின் என்ற பெண்ணுக்கு மட்டும் பாவமாக இருந்தது. எழுந்து, திக்கித் திக்கி, ஆங்கிலத்தில் பேச்சுத்தோழியின் ஊரைக் கேட்டாள். கேள்வி நடுவில் கொஞ்சம் சறுக்கியது. தமயந்தியின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்து திருத்தியது. வகுப்பு மறுபடியும் சிரித்தது. நஸ்ரின் சிவந்துபோய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே இல்லை. பேச்சுத்தோழி அவளையும் சிரித்தவர்களையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் அவளுக்குப் பேச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வாரம் பேச்சி ஓயாமல் ஆங்கிலம் பேசினாள், மதிய உணவுக்குத் தனியாக உட்கார்ந்தாள். இரண்டாவது வாரம் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். அதற்குள் தமிழ் தொற்றிக்கொண்டது, அதுவும் புத்தகத் தமிழ் அல்ல. "போடா லூசு" என்று அவள் முதன்முதலாகச் சொன்ன நாளில் வகுப்பே கைதட்டியது. தோழமைமானி எகிறியிருக்க வேண்டும். மறுநாள் அவள் எல்லோரையும் லூசு என்றாள். மாதம் முடிவதற்குள் கடைசி பெஞ்சுக்கு இடம் மாறியிருந்தாள். எடைக்காலணியைக் கழற்றிவிட்டுக் கபிலனுக்குப் பக்கத்தில் தொங்கவும் தொடங்கியிருந்தாள்.

ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தலையைச் சொறிவாள். அந்தத் தலையில் அரிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

தமயந்தி ஒருநாள் பள்ளி விட்டதும் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டாள். "பேச்சி, உண்மையச் சொல்லு. இங்கிலீஷ் மறந்துபோச்சா?"

"மறக்கல டீச்சர். எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏன் பேச மாட்டேங்கற?"

"தப்பாப் பேசினா நீங்க திருத்துவீங்க, எல்லாரும் சிரிப்பாங்க. சரியாப் பேசினா பெரிய இவன்னு சிரிப்பாங்க. பேசாம இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன் டீச்சர், பேசாம இருக்கறதுதான் சரி."

பேச்சியின் வயதில் தமயந்தியும் இதே கணக்கைப் போட்டிருக்கிறாள், இதே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை போதும், வகுப்பைக் கூப்பிட்டு இனி யாராவது சிரித்தால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லலாம். தன் வாயையும் அடக்கிக்கொள்ளலாம். பேச்சி நாளையே பேசத் தொடங்கிவிடுவாள், பிள்ளைகளும் பேசுவார்கள். அப்புறம் மறுபக்கம். அவள் ஜன்னல் வழியே நீலமாகத் தெரிந்த பூமியைப் பார்த்தாள். "சரி, வீட்டுக்குப் போ" என்றாள். இயந்திரத்துக்கு வீடு இல்லை, சாமான் அறையில் ஒரு மின்செருகிதான் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அன்றிரவு அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை.

ஆய்வு நாள் வந்தது. திட்ட அலுவலர் ரத்தினசபாபதி பூமியிலிருந்து நிலவோடத்தில் வந்து இறங்கினார். வேதமாணிக்கம் அதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்புக்கு ஒத்திகை கொடுத்து வைத்திருந்தார். யார் எந்தக் கேள்விக்கு எழுவது, யார் எழுவது போலப் பாவனை மட்டும் செய்வது என்பதெல்லாம் தீர்மானமாகி, கூரையும் காலியாக இருந்தது. அலுவலர் ஒத்திகையில் இருந்த பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கடைசி பெஞ்சுக்குப் போய், கையிலிருந்த பலகையில் எழுதியிருந்த ஆங்கிலக் கேள்வியை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். பேச்சிக்கு மிகவும் பிடித்த விளையாட்டு எது என்பது கேள்வி.

பேச்சி எழுந்தாள். தலை குனிந்தது. ஒரு காலின் பெருவிரலால் தரையைத் தேய்த்தாள்.

அலுவலர் மறுபடி படித்தார். வேதமாணிக்கத்துக்கு வியர்த்தது. பேசாதே, பேசாதே என்று தமயந்தியின் மனசு வேண்டிக்கொண்டது. வேண்டிக்கொள்வதை நினைத்து வெட்கப்பட்டது. வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் வேண்டியது.

"சும்மா சொல்லும்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் அலுவலர், தமிழில்.

பேச்சி ஓரக்கண்ணால் வகுப்பைப் பார்த்தாள். கபிலனின் உதட்டோரத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

"அத டீச்சர் இன்னும் நடத்தல சார்" என்றாள்.

தமயந்திக்கு நிலவின் ஈர்ப்பு சட்டென்று ஆறு மடங்கு கூடிவிட்டது போல இருந்தது. இத்தனை வருடங்களில் எத்தனையோ பிள்ளைகள் அவளை இப்படிக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மின்கலத்தில் ஓடும் ஒருத்தியும் அதைச் செய்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு என்னவோ பாசம் பொங்கியது. முழுசாக நம்ம பிள்ளையாகிவிட்டாளே என்று நினைத்தாள்.

அலுவலர் ஒரு சோதனைக் கருவியைப் பேச்சியின் பிடரியில் மாட்டிப் பார்த்தார். ஆங்கிலம் உள்ளே ஒரு சொல் குறையாமல் இருந்தது. பள்ளி விட்டதும் டீச்சரோடு பேசியதும் அப்படியே பதிவாகியிருந்தது. ஆசிரியர் அறைக்கு வந்து தேநீர்க் குப்பியை வாங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"நிலவுல இருக்கற எல்லாப் பள்ளியிலும் இதே கதைதான். அனுப்பின நாற்பதும் ஊமையாயிடுச்சு. நாற்பதும் நல்லாச் சிரிக்குது."

"அப்போ திட்டம் தோத்துப்போச்சா சார்?" என்று கேட்டார் வேதமாணிக்கம்.

"என்ன சார் இப்படிப் பேசறீங்க? துறையில திட்டம் எங்கயாவது தோக்குமா? இரண்டாம் கட்டத்துக்குப் போகும்."

இரண்டாம் கட்டத்துக்கான ஆணை சீக்கிரமே வந்தது. கருவிகளில் பழுது ஏதும் இல்லை என்றும், அவை எதிர்பார்த்ததைவிட முழுமையாக மாணவர்களாகிவிட்டன என்றும் வல்லுநர் குழு பாராட்டியிருந்தது. மீதமிருப்பது கூச்சம் ஒன்றுதான். அதைப் போக்க மனிதர் ஒருவர் வேண்டும். எனவே நாற்பது பேச்சுத்தோழிகளையும் வெண்ணகருக்குக் கொண்டுவந்து ஆங்கிலம் பேசப் பழக்குவது. ஒரு பேச்சுத்தோழியிடமிருந்து மனம் விட்டு ஒரு பதிலை வரவழைத்த ஒரே ஆசிரியர் என்பதால் அந்தப் பொறுப்பைத் தமயந்தியிடம் ஒப்படைப்பது. பதவி உயர்வு உண்டு, மாற்றல் கிடையாது.

அவள் ஆணையைக் கணவனிடம் காட்டியபோது அவன் கீரைக்கூடத்திலிருந்து ஒரு கொத்து மல்லித்தழை பறித்து வந்து ரசம் வைத்தான். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் வகுப்பைத் தொடங்கிவைக்க அலுவலரும் வந்திருந்தார். நாற்பது இரட்டைப் பின்னல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட முதல் பெஞ்சில் உட்காரச் சம்மதிக்கவில்லை.

"கூச்சமே படக் கூடாது" என்று தொடங்கினாள் தமயந்தி. "மனசுல தோணறத அப்படியே இங்கிலீஷ்ல பேசணும். தப்பு வந்தா வரட்டும். யார் முதல்ல பேசறீங்க?"

நாற்பது தலைகளும் குனிந்தன. பின்னாலிருந்து பேச்சி மட்டும் கை தூக்கினாள்.

"நீங்க முதல்ல பேசுங்க டீச்சர். நீங்க சொந்தமாப் பேசி நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே."

ஆங்கிலத்தில் தமயந்தி முதல் வகுப்பில் தேறியவள். ஆயிரம் வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறாள். சொந்தமாக ஒரு வாக்கியத்தை வாய் விட்டுச் சொன்னதாக நினைவே இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கும் அந்த மொழியில் பிழை என்பதே கிடையாது.

"சார், நீங்க ஒரு வார்த்தை பேசித் தொடங்கி வைங்களேன்" என்று அலுவலரைப் பார்த்தாள்.

"நானா? எனக்கு நிலவோடத்துக்கு நேரமாச்சும்மா" என்று அவர் எழுந்தார். நேரம் இன்னும் நிறைய இருந்தது. அவரை வழியனுப்ப வேண்டும் என்று வேதமாணிக்கமும் கூடவே ஓடினார்.

தமயந்தி கதவைச் சாத்தினாள். நடையில் யாராவது நிற்கிறார்களா என்று கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளும் போட்டாள். ஒரு சின்ன வாக்கியத்தை மனசுக்குள் எழுதி, அழித்து, திருத்தி, மறுபடியும் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு, மனசைத் திடப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தாள்.

நாற்பது கைகள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதற்காக, பெஞ்சிலிருந்து ஒன்றாக எழுந்தன.