பூட்டிய பெட்டியில் பிளந்த வில்

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை. போர்ட் பிளேர், லம்பா லைன் அருகிலுள்ள மைதானம். காலை 8.10-க்கு ரிஹானாவின் வில் பிளந்தது.

நாண் பூட்டும்போதே நடந்துவிட்டது. வில்லின் மேல்பாதித் தகடு, ஆட்டக்காரர்கள் லிம்ப் என்பது, நுனியிலிருந்து ஒரு சாண் பிளந்து நின்றது. பதினோரு மணிக்கு, கடல் தாண்டி மெயின்லேண்டில் நடக்கும் போட்டிக்கான தேர்வு. பெண்களுக்கு ஒரே இடம். போட்டியிடுபவர்கள் ரிஹானாவும் வைஜெயந்தியும்.

8.50. சப் இன்ஸ்பெக்டர் ஜெயமணி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். அவருக்கு இன்று விடுமுறை. துணியை ஊறவைத்துவிட்டு வந்திருந்தார். தலைக்கு மேலே இருபதடி ஃபிளெக்ஸ் பேனர், நேற்றுக் கட்டியது. வில்வித்தைச் சங்கச் செயலாளர் தேவேந்திரன் அதில் சங்கத்தின் பெயர் பொறித்த சட்டையோடு, கன்னத்தருகே தங்க நிறக் கைக்கடிகாரம் மின்ன, நாணைக் காதுவரை இழுத்து நின்றார். நேரில் அதே கடிகாரத்தை இடது மணிக்கட்டில் பார்த்தபடி நின்றார்.

"ஃபோன் பண்ணி அரை மணி ஆச்சு மேடம். வைஜெயந்தியை டிஸ்குவாலிஃபை பண்றேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எதுக்கு?"

"வேற யாருக்கு லாபம்? அவ்ளோதான், கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்ச கேஸுக்கு என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

ரிஹானா அழுது முடித்திருந்தாள்.

"வில் பெட்டிச் சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டத்தான். வியாழக்கிழமை பூட்டுனது. நேத்து ஜும்ஆ, பிராக்டிஸ் இல்ல. இன்னிக்குத்தான் தொறந்தேன்."

"பூட்டு உடையல. அப்போ உள்ளே போறப்பவே விரிசல் இருந்திருக்கு. அன்னிக்கு வில்லை எப்போ தனியா விட்டே?"

"மூணு மணிக்கு, அசர் தொழப் போனப்போ. ஷெட்ல ஸ்டாண்டுல வெச்சேன். கால் மணி நேரம். வந்ததும் மழை வர்ற மாதிரி இருட்டுச்சு. நாணைக் கழட்டிப் பூட்டிட்டேன். சரியாப் பார்க்கல."

"லிம்ப் எப்படி உடையும்?"

"வெறும் நாணை இழுத்து விட்டா மேடம். அம்பு இருந்தா வேகத்தை அது வாங்கிட்டுப் போயிடும். இல்லேன்னா லிம்ப் வாங்கிக்கும். முதல் நாளே சொல்லித் தருவாங்க."

9.20. வைஜெயந்தி கைகட்டி நின்றாள்.

"அவளைத் தோக்கடிக்கணும்னா குறிபார்க்கிற சைட்டை ஒரு நூல் நகர்த்தியிருப்பேன். யாருக்கும் தெரியாது. உடைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்ல."

"மூணு மணிக்கு எங்கே இருந்தே?"

"எழுபது மீட்டர் தள்ளி, டார்கெட்ல அம்பு பிடுங்கிட்டிருந்தேன். படார் படார்னு நாலு தடவை சத்தம். தென்னை மட்டைன்னு நெனச்சேன். திரும்பி வந்தா, செயலாளர் சாரும் கேமராக்காரரும் ஷெட்ல இளநீர் குடிச்சிட்டிருந்தாங்க."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார் கேட்டாங்க?"

9.40. "நீங்க அந்த வில்லைத் தொட்டீங்களா சார்?"

"அரே மேடம், பதினோரு வருஷமா செயலாளரா இருக்கேன். எந்த வில்லையும் தொட்டதில்ல. அது பிளேயர்ஸ் வேலை."

 ஜெயமணி உடைந்த வில்லைப் பிடித்துக் காட்டும்படி ரிஹானாவிடம் சொன்னார். அவள் வலது கையில் வில்லைப் பிடித்தாள். இடது கையால் நாணைத் தொட்டாள். கைப்பிடி வலது உள்ளங்கைக்கென்றே செதுக்கப்பட்டிருந்தது.

"இடக்கை வில் இங்கே எத்தனை இருக்கு?"

"என்னோடது ஒண்ணுதான்."

"எல்லாரும் வாசலுக்கு வாங்க."

பேனருக்குக் கீழே நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இடது கையில கட்டுற கடிகாரம், படத்துல கன்னத்துல இருக்கு. இடது கையால நாணை இழுத்திருக்கீங்க சார்."

"பிரிண்ட் போட்டவன் படத்தைத் திருப்பிப் போட்டிருப்பான்."

"சட்டையில சங்கத்தோட பேர் நேராத்தானே இருக்கு? அது ரிஹானா வில். இன்னொண்ணு கேக்கறேன். அம்பு எங்கே?"

இருபதடி பேனரில் அம்பு இல்லை. காலையிலிருந்து அத்தனை பேரும் அதன் கீழேதான் வந்து போயிருந்தார்கள்.

"கேமராக்காரன்தான் 'விடுங்க சார், ஆக்‌ஷன் வேணும்'னான்," என்றார் தேவேந்திரன். "ஒரு தடவைதான் விட்டேன்."

"நாலு," என்றாள் வைஜெயந்தி.

"அதுக்கு இந்தப் பொண்ணு தலையில பழியைப் போட்டு, நானும் கையெழுத்துப் போடணும்," என்றார் ஜெயமணி. "லீவு நாள்ல."

10.20. வைஜெயந்தி தன் பெட்டியிலிருந்து இன்னொரு ஜோடி லிம்பை எடுத்து நீட்டினாள்.

"இதுக்கு இடது வலது கிடையாது. உன்னோடதை விட ரெண்டு பவுண்டு கூட இழுக்கணும்."

"நீ ஏன் தர்றே?"

"நீ எய்யாம நான் போனா, நான்தான் உடைச்சேன்னு நம்ம ஜங்லிகாட் ஏரியா முழுக்கப் பேசும். பிடி."

பிற்பகல் 2.10. ஆளுக்கு எழுபத்திரண்டு அம்புகள். வைஜெயந்தி 588. ரிஹானா 585. வைஜெயந்தி தேர்வானாள்.

உடைந்த வில் குறித்து விசாரிக்க ஒழுங்குக் குழு திங்கள்கிழமை கூடும் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கீழே கையெழுத்து: தேவேந்திரன், செயலாளர்.